டீசல் கார் ஐடிலிங்கில் உதறுகிறது. நான்கு இன்ஜெக்டரையும் மாற்றத்தான் வேண்டுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: காமன் ரெயில் டீசல் (ஒரு பொதுக் குழாயில் உயர் அழுத்தத்தில் இருக்கும் டீசலை இன்ஜெக்டர்கள் சிலிண்டருக்குள் பீய்ச்சும் வகை), 1,40,000 கிலோமீட்டர் ஓடியது, வண்டி நின்றபடி இன்ஜின் மெதுவாக ஓடும்போது (ஐடிலிங்) ஸ்டியரிங் வரைக்கும் உதறல், எப்போதாவது இன்ஜின் விளக்கு எரிந்து பி0302 என்று கோட் (இரண்டாவது சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று அர்த்தம்) வருகிறது, ஒர்க்ஷாப்பில் "நாலு இன்ஜெக்டரும் போச்சு சார், செட்டா மாத்திடலாம்" என்கிறார்கள். மாற்றலாமா?

இன்னும் வேண்டாம். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் இதே வசனத்தைக் கேட்டு ஒரு இன்ஜெக்டருக்குப் பணம் கட்டிய ஆள். என் வண்டியில் மூன்றாவது சிலிண்டர் மிஸ்ஸிங், அதாவது அதில் டீசல் சரியாக எரியவில்லை. இன்ஜெக்டரை மாற்றிக் கொடுத்தார்கள், இரண்டு நாள் பஞ்சு மாதிரி ஓடியது, மூன்றாம் நாள் பழைய உதறல் திரும்பிவிட்டது. திரும்பப் போனால், "மத்த மூணும் வீக், அதான்" என்றார்கள். அதற்கு ஆதாரமாக ஸ்கேனரில் நான்கு எண்களையும் காட்டினார்கள். அந்த எண்களை வைத்துத்தான் உங்களிடமும் பேசியிருப்பார்கள் என்று நினைக்கிறேன், அதனால் அவற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டீசலில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்துவதில் பிறக்கும் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்கிறது. ஒவ்வொரு சிலிண்டரும் எரியும்போது கிராங்க் (இன்ஜினின் சுழலும் தண்டு) கொஞ்சம் வேகம் பிடிக்கும், அடுத்தது வருவதற்குள் கொஞ்சம் தளரும். கிராங்க் சென்சார் மூலம் இந்த ஏற்ற இறக்கத்தைக் கவனித்துத்தான் எந்தச் சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கிறது. ஐடிலிங்கில் ஒரு சிலிண்டர் பலவீனமாக உதைத்தால் அதற்குக் கொஞ்சம் டீசலைக் கூட்டும், பலமாக உதைப்பதற்குக் குறைக்கும். ஸ்கேனரில் தெரியும் கரெக்‌ஷன் எண் இதுதான், பெரும்பாலும் ஒரு ஸ்ட்ரோக்குக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும். இன்ஜின் சூடானபின் ஒன்றுக்குள் ஆடினால் கண்டுகொள்ள வேண்டாம். மூன்றைத் தாண்டினால் அந்தச் சிலிண்டரில் ஏதோ இருக்கிறது. வண்டிக்கு வண்டி எல்லை மாறும்.

இதில் எல்லோரும் வழுக்கி விழும் இடம் இரண்டு. ஒன்று, பிளஸ் எண் என்றால் "இந்தச் சிலிண்டர் சோம்பேறி" என்று மட்டும்தான் அர்த்தம், ஏன் சோம்பேறி என்று அந்த எண் சொல்லாது. இன்ஜெக்டராக இருக்கலாம், கம்ப்ரஷன் (சிலிண்டர் காற்றை அழுத்தும் அளவு) குறைவாக இருக்கலாம், வயராகவும் இருக்கலாம். இரண்டாவது, பெரும்பாலான வண்டிகளில் நான்கு எண்களையும் கூட்டினால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் வரும். அதாவது ஒன்று +3.6 என்று ஏறினால் மற்ற மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய அதே அளவுக்கு மைனஸில் இறங்கியே ஆக வேண்டும். அதைக் காட்டி "பாருங்க, நாலுமே சரியில்லை" என்று சொல்வது, ஒரு ஆள் படுத்துவிட்டதால் அவன் சுமையையும் தூக்குகிற மூன்று பேருக்கும் சேர்த்து மருந்து எழுதுகிற கதை.

சரி, அப்போது எப்படித்தான் பிடிப்பது? முதலில் எப்போது உதறுகிறது என்று நீங்களே கவனியுங்கள், ஸ்கேனரைவிட இது நிறையச் சொல்லும். காலையில் குளிர்ந்த இன்ஜினில் மட்டும் உதறி, வெள்ளைப் புகை விட்டு, சில நிமிடத்தில் சரியாகிவிட்டால் க்ளோ பிளக்கை (குளிர்ந்த சிலிண்டரைச் சூடாக்கும் சின்ன ஹீட்டர்) பாருங்கள். அது ஸ்டார்ட் ஆக மட்டும் இல்லை, ஸ்டார்ட் ஆன பிறகும் கொஞ்ச நேரம் எரியும். நல்ல பிளக்கின் ரெசிஸ்டன்ஸ் ஒரு ஓம் அளவில்தான் இருக்கும், மீட்டரில் ஓப்பன் என்று வந்தால் செத்துவிட்டது. ஐடிலிங்கில் நன்றாக இருந்து, மேட்டில் இழுக்கும்போது மட்டும் திணறினால் டீசல் ஃபில்டரில் ஆரம்பியுங்கள், டர்போ பைப் எங்கேயாவது கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கரும்புகையோடு உதறினால் இ.ஜி.ஆர். வால்வு (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் வால்வு) கரி பிடித்துத் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கலாம், ஆனால் அது எல்லாச் சிலிண்டரையும் சேர்த்துத்தான் கெடுக்கும், உங்கள் கோட் இரண்டாவதை மட்டும் காட்டுகிறது. இரவெல்லாம் நின்ற பிறகு செல்ஃப் நீளமாக அடிக்க வேண்டியிருந்தால், அதுவும் ஃபில்டர் மாற்றிய பிறகு ஆரம்பித்திருந்தால், லைன் எங்கேயோ காற்று இழுக்கிறது. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் உள்ளே தெரிகிற மாதிரி ஒரு துண்டு பிளாஸ்டிக் டியூப் போட்டுப் பார்த்தால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

எல்லா நேரமும் ஒரே சிலிண்டர் என்றால் இன்ஜெக்டரின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். காப்பர் வாஷர் போயிருந்தால் சுஃப் சுஃப் என்று சத்தம் வரும், சுற்றிலும் தார் மாதிரி கறுப்பாக அப்பியிருக்கும். அப்புறம் ரிட்டர்ன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் (மிச்ச டீசல் திரும்பிப் போகும் குழாய்) ஒரு பாட்டிலில் விட்டு, சூடான இன்ஜினைச் சில நிமிடம் ஓட்டி அளவை ஒப்பிடுவார்கள். ஒரு பாட்டில் மட்டும் மற்றவற்றைப் போல இரண்டு மூன்று மடங்கு நிரம்பினால் அந்த இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்துவிட்டது. (பீசோ இன்ஜெக்டர், அதாவது காந்தச் சுருளுக்குப் பதில் மின்சாரத்தில் நீளும் படிகம் வைத்த வகை என்றால் இப்படிச் சும்மா கழற்றக் கூடாது, பலவற்றில் ரிட்டர்னில் அழுத்தம் இருந்தாக வேண்டும், அதற்கென்று தனி கருவி உண்டு.)

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில் இன்ஜின் ஓடும்போதே இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி எது மிஸ் என்று கண்டுபிடிப்பார்கள். பழக்கதோஷத்தில் இன்றைக்கும் சிலர் அதற்கு ஸ்பானரை எடுப்பார்கள். டயரில் இருப்பது 2 பார் சொச்சம். காமன் ரெயிலில் ஐடிலிங்கிலேயே 250, 300 பார் இருக்கும், முழு ஆக்சிலரேட்டரில் 1,600 முதல் 2,000 பார் வரை போகும். அந்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், ஆனால் அது உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம். ஓடும்போது இன்ஜெக்டர் கனெக்டரைப் பிடுங்குவதும் வேண்டாம், பீசோ வகையில் அது 100 வோல்ட்டுக்கு மேல். ஸ்கேனரிலேயே ஒவ்வொரு சிலிண்டராக அணைக்கும் வசதி உண்டு. எதை அணைத்தால் உதறல் மாறவே இல்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர்.

இவ்வளவுக்கும் பிறகு சந்தேகம் இருந்தால், நான் செய்ததைச் செய்யுங்கள்: இரண்டாவது சிலிண்டர் இன்ஜெக்டரையும் பக்கத்தில் உள்ளதையும் இடம் மாற்றச் சொல்லுங்கள். புது காப்பர் வாஷர் போட வேண்டும், நிறைய இன்ஜின்களில் அந்த உயர் அழுத்த பைப்பும் புதிதாகப் போட வேண்டும், இன்ஜெக்டர் மேல் எழுதியிருக்கும் அதற்கே உரிய குறியீட்டையும் கம்ப்யூட்டரில் இடம் மாற்ற வேண்டும், அதனால் கொஞ்சம் முனகுவார்கள். பரவாயில்லை. பிளஸ் எண் இன்ஜெக்டரோடு சேர்ந்து இடம் மாறினால் இன்ஜெக்டர்தான் குற்றவாளி. பழைய சிலிண்டரிலேயே உட்கார்ந்திருந்தால் இன்ஜெக்டர் நிரபராதி.

என் வண்டியில் வேறொரு ஆளிடம் கொடுத்து அப்படி மாற்றினோம், எண் மூன்றாவதிலேயே உட்கார்ந்திருந்தது. கம்ப்ரஷன் பார்த்தார், நான்கும் ஏறக்குறைய ஒன்றுதான். (டீசலில் இது 20, 30 பார் அளவில் வரும், எண்ணைவிட நான்கும் ஒத்துப்போகிறதா என்பதுதான் முக்கியம். ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைவாக இருந்தால் செல்ஃப் அடிக்கும் சத்தமே தாளம் தப்பி வரும்.) பிறகு அந்த மனிதர் ஐடிலிங்கில் ஓடவிட்டு மூன்றாவது இன்ஜெக்டருக்குப் போகும் வயர் கட்டை ஒரு மரக்குச்சியால் மெல்ல அசைத்தார். உதறல் வந்தது, போனது, வந்தது. கிளிப் பக்கத்தில் மடங்கிய இடத்தில் இன்சுலேஷன் முழுதாக இருந்தது, உள்ளே செம்பு பச்சை பிடித்து இரண்டு இழைதான் மிச்சம். முதல் ஒர்க்ஷாப்பில் இன்ஜெக்டர் மாற்றியபோது அந்த வயரைத் தொட்டு அசைத்ததில்தான் இரண்டு நாள் சரியாக ஓடியிருக்கிறது! ஒரு சாண் வயரில் வேலை முடிந்தது.

இன்னொன்று, உதறுவதெல்லாம் மிஸ்ஸிங் இல்லை. இன்ஜின் மவுண்டிங் போனாலும் உதறும், டூயல் மாஸ் ஃப்ளைவீல் (இன்ஜின் அதிர்வைக் குறைக்கும் இரட்டைச் சக்கரம்) தளர்ந்தாலும் உதறும், அது சாவியை அணைக்கும்போது தடக்கென்று ஒரு குலுக்கலும் கொடுக்கும். உங்களுக்குச் சிலிண்டர் கோட் வருவதால் இவை பின்னால்தான்.

எல்லாம் பார்த்து இன்ஜெக்டர்தான் என்று உறுதியானால் அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள். புதிதின் மேல் உள்ள குறியீட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்களா என்று ஸ்கேனரில் காட்டச் சொல்லுங்கள், ஏற்றாவிட்டால் புது இன்ஜெக்டரிலும் உதறலாம். கழற்றிய பழசையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என்னுடையது இன்னும் டிக்கியில் துணி சுற்றிக் கிடக்கிறது, பின்னால் டெஸ்ட் பெஞ்சில் போட்டுப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லாத இன்ஜெக்டர்.