டிஸ்பாட்சருக்கு ஏஆர்-15 விலக்கு கிடையாது

கலிஃபோர்னியாவில் ஷெரிஃப் அலுவலகத்தில் டிஸ்பாட்சராக (அவசர அழைப்புகளை எடுத்துப் போலீஸை அனுப்புபவராக) இருக்கிறேன், ஐடி கார்டைக் காட்டி பிஸ்டல் கிரிப் (கைத்துப்பாக்கி போன்ற பிடி) வைத்த ஏஆர்-15 ரைஃபிள் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாதுங்க.

இந்த ரகத் துப்பாக்கியை ‘அசால்ட் வெப்பன்’ என்று அங்கே தடை செய்திருக்கிறார்கள். அந்தத் தடையிலிருந்து விலக்கு, வேலை செய்யும் இடத்துக்கு இல்லை, பதவிப் பிரமாணம் எடுத்த காவல் அதிகாரிக்குத்தான். தண்டனைச் சட்டம் 30630-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஷெரிஃபின் கீழ் உள்ள காவல் அதிகாரியான டெபுடியே சொந்தமாக வாங்கினாலும் துறையின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். கைக்கு வந்த 90 நாளுக்குள் மாநில அரசின் நீதித் துறையில் (டிபார்ட்மென்ட் ஆஃப் ஜஸ்டிஸ்) பதிய வேண்டும். டிஸ்பாட்சர், கிளார்க் எல்லாம் பொதுமக்கள் கணக்குதான். கூட வேலை பார்ப்பவர் ‘நமக்கும் உண்டு’ என்றாராமே, அதை நம்பிக் கடைக்குப் போகாதீர்கள். வைத்திருப்பதே குற்றம்.

ஓய்வு பெற்ற காவல் அதிகாரிகளுக்கும் இதே கதைதான். அவர்களுக்கான விலக்கை 2002-இல் சில்வேரா வழக்கில் ஒன்பதாவது சர்க்யூட் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. பணியில் இருந்தபோது வாங்கிப் பதிந்ததைக்கூட ஓய்வுக்குப் பின் வைத்திருக்க முடியாது என்று 2010 கடைசியில் மாநிலத் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலின் கருத்துரையும் வந்தது.

ஏஆர் ரகம்தான் வேண்டுமென்றால், பிஸ்டல் கிரிப், மடக்கும் ஸ்டாக் (தோளில் வைக்கும் கட்டை), ஃப்ளாஷ் சப்ரஸர் (சுடும்போது வரும் ஒளியைக் குறைக்கும் கருவி) போன்ற தடைப்பட்ட அம்சங்கள் இல்லாத ‘ஃபீச்சர்லெஸ்’ மாடலைக் கேளுங்கள். பிடிக்கக் கொஞ்சம் அசௌகரியம், அவ்வளவுதான்.