பரோயே மொழிச் சொற்கள் எங்கிருந்து வந்தன, எப்படித் திரிகின்றன?

9ஆம் நூற்றாண்டில் நார்வேயிலிருந்து வட அட்லாண்டிக்கின் பரோயே தீவுகளுக்கு வந்து குடியேறியவர்களின் பழைய நார்ஸ்தான் இதன் தாய்மொழி. அதில் நாளுக்கு ‘டக்ர்’. கடைசி இரு மெய்களுக்கிடையே உகரம் நுழைந்து ‘டகுர்’ ஆனது. எழுத்துப்படி எழுவாய் டகுர், செயப்படுபொருள் டக், கொடைப்பொருளில் டெகி, உடைமைக்கு டக்ஸ். டெகியைக் கவனியுங்கள்: விகுதி சேர்ந்ததோடு வேரின் உயிரும் மாறிவிட்டது! எனக்கு மிகப் பிடித்த இடம் இது. உடைமை வடிவம் பேச்சில் அருகிவிட்டது.

டகுரில் ககரத்தை எழுதுவார்கள், ஒலிக்கமாட்டார்கள். 1846இல் பரோயே மொழியறிஞர் ஹம்மர்ஷைம்ப் வகுத்த எழுத்துமுறை ஒலியைவிட வேரையே காட்டுகிறது.

கடனும் உண்டு: மோரைக் குறிக்கும் ‘பிளாக்’ ஐரிஷிலிருந்து வந்தது. கணினிக்கோ சொந்தச் சொல்லே படைத்தார்கள்: ‘எண்ணு’ என்ற வினையிலிருந்து ‘டெல்டா’ (telda).