வாசகர் கேள்விகள்: பிரான்சின் எஸ்டேட்ஸ் ஜெனரல்

கே: 1614-க்குப் பிறகு 1789 வரை எஸ்டேட்ஸ் ஜெனரல் கூடவே இல்லையே, ஏன்?

ப: எஸ்டேட்ஸ் ஜெனரல் என்பது குருமார், பிரபுக்கள், மற்றவர்கள் ஆகியோரின் பிரதிநிதிகள் கூடும் சபை. அதைக் கூட்டும் அதிகாரம் மன்னர் கையில் இருந்தது, கூட்டியே தீர வேண்டிய அவசியம் அவருக்கு வரவில்லை. 15-ம் நூற்றாண்டின் நடுவிலேயே மன்னர் ஏழாம் சார்லஸ் சபையைக் கேட்காமல் ஆண்டுதோறும் ‘தாய்’ (taille) என்ற நேரடி வரியை வசூலிக்கத் தொடங்கிவிட்டார். வரிக்குச் சம்மதம் தரும் உரிமை போன பிறகு அந்தச் சபைக்கு என்ன மிச்சம்? 1788-ல் கஜானா காலியான பிறகுதான் அதன் நினைவே வந்தது.

கே: மூன்றாம் எஸ்டேட்டுக்கு இரு மடங்கு இடம் கொடுத்த பிறகும் ஏன் தகராறு?

ப: இடத்தைக் கூட்டினார்கள், ஓட்டை எப்படி எண்ணுவது என்று சொல்லவில்லை. பழைய முறையில் குருமார், பிரபுக்கள், மற்றவர்கள் (இவர்கள்தான் மூன்றாம் எஸ்டேட்) என மூன்று பிரிவும் தனித்தனியே கூடும். பிரிவுக்கு ஓர் ஓட்டு. சுமார் 600 பேர் வந்தாலும் மூன்றாம் எஸ்டேட்டுக்கு ஒன்றுதான், எதிரே இரண்டு. ஆளுக்கு ஓர் ஓட்டு என்று வைத்தால் கணக்கே மாறிவிடும்.

மே 5 அன்று வெர்சேயில் சபை தொடங்கியது; மறுநாளே முட்டுக்கட்டை. உறுப்பினர்களின் தேர்தல் சான்றுகளைத் தனி அறையில் சரிபார்த்தால் தனி அவைக்கு ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று மூன்றாம் எஸ்டேட் மறுத்தது. ஐந்து வாரம் ஒன்றும் நகரவில்லை. ஜூன் 12-ல் எல்லாப் பிரிவினர் பெயரையும் அதுவே வாசிக்கத் தொடங்க, மறுநாள் புவாத்து பகுதியின் பங்குச் சாமியார்கள் மூவர் எழுந்து வந்து சேர்ந்தார்கள். 17-ம் தேதி ‘தேசிய சபை’ என்று பெயர் சூட்டிக்கொண்டது.

சாமியார்கள் வந்தது தற்செயல் அல்ல. ஜனவரி 24 தேர்தல் விதி மடத்துக்கு ஒரு பிரதிநிதி என்று நிறுத்திவிட்டு, பங்குச் சாமியார் ஒவ்வொருவருக்கும் நேரடி ஓட்டு கொடுத்தது. அதனால் குருமார் பிரிவின் ஏறத்தாழ 300 பேரில் 200-க்கு மேல் சாதாரணப் பங்குச் சாமியார்கள்; ஆயர்கள் சிறுபான்மை. புரட்சி என்றதும் பாஸ்டில் சிறைக்கோட்டை வீழ்ந்ததைச் சொல்கிறோம். எனக்கு இந்த விதிதான் முதலில் நினைவுக்கு வரும்.

கே: கிராமத்தில் தேர்தல் எப்படி நடந்தது?

ப: ஞாயிறு பூசையில் அறிவிப்பு வாசிப்பார்கள். 25 வயது நிரம்பி, வரிப் பட்டியலில் பெயர் உள்ள ஆண்கள் கூடிக் குறைகளை எழுதி, பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பார்கள்: 200 வீடு வரை இருவர், அதற்கு மேல் மூவர், 300-ஐத் தாண்டினால் நால்வர். அவர்கள் பட்டியலோடு வட்டாரக் கூட்டத்துக்குப் போவார்கள்.

அங்கேதான் சேதாரம். எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகச் சுருக்கும்போது ஊர்க்குறை பல உதிர்ந்துவிடும். பல ஊர்களில் பிரபுவின் நீதிபதியே தலைமை தாங்கியதால் பிரபுவைப் பற்றி வாய் திறக்கத் தயங்கினார்கள். நகரத்திலிருந்து வந்த மாதிரிப் பட்டியலை அப்படியே நகலெடுத்த ஊர்களும் உண்டு. என்றாலும் தப்பிப் பிழைத்தவற்றில் மண் வாசனை இருக்கிறது. விதைத்த தானியத்தைப் பிரபுவின் புறாக்கள் தின்கின்றன, விரட்டினால் குற்றம் என்ற புகார் அதில் ஒன்று. புறாக்கூடு வைப்பது பல இடங்களில் பிரபுவுக்கே உரிய சலுகை. பாரிஸ் உட்பட வட பகுதிகளில் எட்டு வயதைத் தாண்டியவர்களின் தலையை எண்ணி, இவ்வளவு அரசாங்க உப்பு வாங்கியே ஆக வேண்டும் என்றிருந்தது. அதன் மேல் வந்த புகாருக்குக் குறைவே இல்லை. 1789 ஆகஸ்டில் புறாக்கூட்டுச் சலுகை ஒழிந்தது.

கே: புதுச்சேரிக்கு அதில் இடம் இருந்ததா?

ப: மே 1789 கூட்டத்தில் இல்லை. பிறகு, தேசிய சபையில், லூயி மொன்னெரான் பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் உறுப்பினராக அமர்ந்தார்.