அந்தச் சாக்கை முதலில் எடுங்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

கோவில்பட்டியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கருப்பன் போய் நான்கு மாதம் ஆகிறது. கன்னி என்கிற வேட்டை நாய்ச் சாதி, ஒன்பது வயது. உண்ணிக் காய்ச்சல். சோற்றை மோந்து பார்த்துவிட்டு நகர்ந்து போனான், வெயிலுக்குத்தான் என்று நாங்களும் இருந்துவிட்டோம். மூக்கில் ரத்தம் வந்த பிறகுதான் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைக்கவில்லை. கார் ஷெட்டில் அவன் படுத்த சாக்கு அப்படியே கிடக்கிறது, எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை.

இப்போது ஒரு புரோக்கர் அதே நிறத்தில், கண்ணுக்கு மேலே அதே பழுப்புப் புள்ளியோடு ஒரு கன்னிக்குட்டி இருக்கிறது, "அச்சு அசல் உங்க கருப்பன்தான்" என்று போட்டோ அனுப்பியிருக்கிறார். 35 நாள் குட்டி, இந்த வாரமே எடுத்துக்கொள்ள வேண்டுமாம். என் மகளோ தெருமுனை டீக்கடைக்குப் பின்னால் ஒரு நாய் போட்டிருக்கும் ஐந்து குட்டிகளில் ஒன்றைக் கேட்கிறாள். பிறந்து ஒரு மாதம் இருக்கும், அவள் கேட்பது பெட்டை. அம்மா எதுவுமே வேண்டாம் என்கிறார்: "இன்னொரு சாவைப் பாக்க எனக்குத் தெம்பில்ல." எனக்கு அந்தப் போட்டோவைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது, அடுத்த நிமிடமே கருப்பனுக்குத் துரோகம் செய்கிறோமோ என்று ஆகிவிட்டது. நான்கு மாதம் போதுமா? அதே பெயரை வைக்கலாமா?

க.

அன்புள்ள க.,

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்தச் சாக்கு.

கருப்பனின் ஞாபகம் என்று நீங்கள் விட்டுவைத்திருக்கும் சாக்கில் கருப்பனைக் கொன்றவைதான் குடியிருக்கின்றன. நம் ஊர் நாய்களின் மேல் ஏறும் பழுப்பு உண்ணி மாடு மேயும் புல்லில் இருக்கிற ரகம் இல்லை, வீட்டுக்குள்ளேயே குடும்பம் நடத்துவது. ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி நாயைவிட்டு இறங்கி, சுவரில் மேல்நோக்கி ஏறி, விரிசலிலோ நிலைச் சட்டத்தின் இடுக்கிலோ ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். வளர்ந்த உண்ணி சாப்பாடே இல்லாமல் மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும். நாய் இல்லாத வீடு என்று அது கிளம்பிப் போய்விடுவதில்லை. அடுத்த நாய்க்காகக் காத்திருக்கும்.

அதனால் சாக்கை எரித்துவிடுங்கள். மனசு கேட்கவில்லை என்றால் கழுத்துப்பட்டையை மட்டும் வெந்நீரில் கழுவி எடுத்து வையுங்கள். ஷெட் சுவரில் இருக்கும் விரிசல்களை சிமெண்டு வைத்து அடையுங்கள், உண்ணி மருந்து அடியுங்கள், முட்டை பொரித்து வருவதற்கும் சேர்த்து இரண்டு மூன்று வாரத்தில் இன்னொரு தடவை அடியுங்கள். என்ன மருந்து, எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். குட்டியின் மேல் போடும் மருந்தையும் அவரே சொல்லட்டும், பெரிய நாய்க்கு வாங்கி மிச்சமிருப்பதைக் குட்டிக்குப் போட்டுவிடாதீர்கள்.

நான்கு மாதம் போதுமா என்பதற்கு வருகிறேன். துக்கத்துக்கு நாள்கணக்கு சொல்ல என்னால் ஆகாது. பஞ்சாங்கம் பார்க்க வேண்டிய சாவு ஒன்று உண்டு, பார்வோ என்கிற வாந்தி, ரத்த வயிற்றுப்போக்கு நோய். அந்தக் கிருமி மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில், சில இடங்களில் ஒரு வருஷத்துக்கு மேலும் இருக்கும். பார்வோவில் நாய் போன வீட்டுக்குத் தடுப்பூசி முடியாத குட்டியைக் கொண்டுவருவது, தெரிந்தே குழியில் இறக்குவது மாதிரி. உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

இனி அந்த அச்சு அசல் குட்டி. இதில் எனக்கு அனுபவம் உண்டு, நல்ல அனுபவம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் நாய் பன்னிரண்டு வயதில் இறந்த இருபதாவது நாள் அதே செம்பழுப்பு நிறத்தில் ஒரு குட்டியைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தேன். அதே பெயரை வைத்தேன். அதே இடத்தில் படுக்க வைத்தேன். அது என் செருப்பைக் கடித்தது, நடுக்கூடத்தில் மூத்திரம் பெய்தது, கூப்பிட்டால் வரவில்லை. "அவன் இப்படிச் செய்ததே இல்லை" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். செய்திருக்கிறான், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் செய்ததை நான் மறந்துவிட்டேன். நம்மிடமிருந்து போனது நம் பைக் சத்தத்தைத் தெருமுனையிலேயே அடையாளம் கண்ட கிழவன், வந்திருப்பது நம் வாசற்படியைக்கூட ஏறத் தெரியாத ஒன்று. இரண்டையும் நிறத்தை வைத்து ஒன்றாக்கிவிட்டு, பச்சைப்பிள்ளையிடம் கிழவனின் புத்தியைக் கேட்டேன். ஒரு மாதம் பார்த்துவிட்டு என் அம்மா அதற்குச் "சீனி" என்று பெயர் வைத்துவிட்டார், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்குத்தான் அது கூப்பிட்டவுடன் திரும்பிப் பார்த்தது. கருப்பட்டித் துண்டும் கையில் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆகவே பெயர் வேண்டாம். செங்கம் பக்கத்தில் எடுத்தனூரில் ஒரு நடுகல் கிடைத்தது, மகேந்திரவர்மன் காலத்தது, 1,300 வருஷத்துக்கு மேல் ஆகிறது. வீரன் ஒருவன், பக்கத்தில் ஒரு நாய். நாயின் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். இரண்டு திருடர்களைக் கடித்து, காத்து நின்றதாம். அந்தப் பெயரைக் கேட்டால் இன்றைக்கும் அந்த ஒரு நாய்தான் வந்து நிற்கிறது. கருப்பன் பெயரும் அவனிடமே இருக்கட்டும்.

இன்னொன்று, 35 நாளில் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கவே கூடாது. எட்டு வாரமாவது இருக்க வேண்டும். கடித்தால் வலிக்கும், எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதையெல்லாம் கூடப்பிறந்தவற்றோடு சண்டை போட்டுத்தான் குட்டி கற்கிறது. அவசரப்படுத்தும் புரோக்கருக்குக் குட்டியின் தீனிச் செலவு மிச்சம், அவ்வளவுதான் விஷயம். கன்னி நல்ல சாதி நாய், சந்தேகமே இல்லை, ஆனால் அது ஓடுவதற்கென்றே பிறந்தது, அதற்கு உங்கள் வீட்டில் இப்போது நேரம் இருக்கிறதா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

என்னைக் கேட்டால் டீக்கடைக் குட்டி. தெருநாய்க்கு வாழ்வு கொடுக்கிற புண்ணியத்துக்காக இல்லை. அதன் தாயை நீங்கள் தினமும் பார்க்கலாம், மனிதர்களைக் கண்டால் வாலாட்டுகிறதா உறுமுகிறதா என்று தெரியும், புரோக்கர் போட்டோவில் தாய் இல்லை. பெட்டை என்று தயங்க வேண்டாம். வருஷத்துக்கு இரண்டு தடவை பருவத்துக்கு வரும், வாசலில் கூட்டம் கூடும், உண்மைதான். ஆறு மாதம் தாண்டியதும் டாக்டரிடம் கேட்டுக் கருத்தடை செய்துவிட்டால் முடிந்தது. மகளிடம் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: குட்டி விளையாட்டுக்குக் கீறினாலும் பல் பட்டாலும் மறைக்கக்கூடாது. சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். சின்னக் குட்டிதானே என்று வெறிநோய் விட்டுவைப்பதில்லை.

வந்தபிறகு பசும்பாலைக் கிண்ணம் கிண்ணமாக ஊற்றாதீர்கள், வயிற்றைப் பிடுங்கிக்கொள்ளும். பூச்சி மருந்து கொடுங்கள். முதல் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்துக்குள், பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை, மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி. அதெல்லாம் முடிகிறவரை அதைத் தெருவில் இறக்க வேண்டாம். முதல் இரண்டு மூன்று ராத்திரி அழும். ஷெட்டில் விட்டுவிட்டுக் கதவைச் சாத்தாதீர்கள், பக்கத்தில் பாயைப் போட்டு யாராவது படுங்கள்.

அம்மா சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் சொல்வது சரி, இதுவும் ஒருநாள் சாகும். அவரைச் சம்மதிக்க வைக்கவும் வேண்டாம், குட்டியின் வேலை எதையும் அவர் தலையில் கட்டவும் வேண்டாம். துரோகம் என்று நீங்கள் சொன்னதற்கும் ஒரு வரி: அந்தப் போட்டோவைப் பார்த்ததும் வந்த சந்தோஷமே கருப்பன் பழக்கிவிட்டது.

ஷெட்டுக்கு இரண்டு தடவை மருந்தடித்து முடிக்க மூன்று நான்கு வாரம் ஆகும். டீக்கடைக் குட்டிகளுக்கும் அப்போது எட்டு வாரம் ஆகியிருக்கும். அதுவரை தினமும் அந்தத் தாய்க்குக் கொஞ்சம் சோறு வையுங்கள், ஐந்து குட்டிக்குப் பால் கொடுக்கிறவள்.