ஒத்தெல்லோ மேன்மையானவனா? விடையை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ நாடகம் பற்றி, ‘ஒத்தெல்லோ மேன்மையான நாயகனா?’ என்ற கேள்வி தேர்வில் அடிக்கடி வருகிறது. விமரிசகர்களில் பிராட்லி ஆமாம் என்கிறார், லீவிஸ் மறுக்கிறார். அவனுடைய கறுப்பு நிறத்தைப் பற்றியும் எழுத வேண்டுமாம். யார் பக்கம் நின்று எழுதுவது?

பதில்: இருவரையும் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, முதல் அங்கம் மூன்றாம் காட்சியைத் திறந்துகொள்ளுங்கள். வெனிஸின் படைத்தளபதி ஒத்தெல்லோவைத் தன் மகள் டெஸ்டிமோனா ரகசியமாக மணந்துகொண்ட கோபத்தில் நிற்கும் பிரபான்ஷியோவிடம், வெனிஸை ஆளும் டியூக் சொல்கிறார்: நற்குணம்தான் அழகு என்றால், உங்கள் மருமகன் கறுப்பைவிட வெளுப்பே அதிகம். அவர் சொல்லும் ‘ஃபேர்’ என்ற சொல்லில் அழகும் வெளுப்பும் ஒன்றாகக் கிடக்கின்றன. ஆக, மேன்மையைத் தரும்போதே நிறத்தைக் கழித்துக்கொள்கிறார்.

விமரிசகர்களும் இதைத்தான் செய்தார்கள். டெஸ்டிமோனா உண்மையான கறுப்பரைக் காதலித்தாள் என்பதைக் கவிஞர் கோல்ரிட்ஜால் ஏற்கவே முடியவில்லை. 1904இல் பிராட்லி, ஷேக்ஸ்பியரின் நாயகர்களிலேயே கற்பனை அழகு மிகுந்தவன் இவன் என்று கொண்டாடினார். ஷேக்ஸ்பியர் இவனைக் கறுப்பராகத்தான் எண்ணினார் என்பதிலும் அவருக்குச் சந்தேகமில்லை. ஆனால் மேடையில் அப்படியே கண்ணால் பார்த்தால் பார்வையாளர்களால் தாங்க முடியாமல் போகலாம் என்று தயங்கினார். அந்தத் தயக்கத்தை விடையில் கட்டாயம் எழுதுங்கள்.

1927இல் கவிஞர் டி.எஸ். எலியட், கடைசிப் பேச்சில் ஒத்தெல்லோ தன்னைத் தானே தேற்றிக்கொள்கிறான் என்றார். 1937இல் லீவிஸ் இன்னும் கடுமையாக, துரோகி கோட்டைக்குள்ளேயே, அதாவது ஒத்தெல்லோவுக்குள்ளேயே இருந்தான், மனைவிமேல் சந்தேகம் ஊட்டிய இயாகோ ஒரு சாக்குதான் என்றார். கூர்மையான வாசிப்புதான். ஆனால் அவனைச் சுற்றியிருந்த வெனிஸ் அதில் காணாமல் போகிறது.

சரி, அந்த வெனிஸ் எங்கே தெரிகிறது? மூன்றாம் அங்கம் மூன்றாம் காட்சியில். கற்பின் தேவதை டயானாவின் முகம்போலத் தெளிவாக இருந்த பெயர் இப்போது என் முகம்போல அழுக்கேறிக் கறுத்துவிட்டது என்கிறான் ஒத்தெல்லோ. ஃபோலியோ எனப்படும் 1623ஆம் ஆண்டுப் பெரிய அளவுப் பதிப்பில் ‘என் பெயர்’ என்றும், குவார்ட்டோ எனப்படும் 1630ஆம் ஆண்டுச் சிறிய அளவுப் பதிப்பில் ‘அவள் பெயர்’ என்றும் இருக்கும். உங்கள் பாடநூலில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எதுவானாலும், அழுக்குக்கு உவமை தேடும்போது அவனுக்குக் கிடைப்பது தன் முகம்தான். முதல் காட்சியில் இயாகோ தெருவில் நின்று கத்திய நிற வசை இப்போது இவன் வாயிலிருந்தே வருகிறது. எனக்கு நாடகத்திலேயே மிகவும் வலிக்கும் இடம் இது. அதற்காகக் கொலைக்குச் சாக்கு சொல்லிவிடாதீர்கள். டெஸ்டிமோனாவைக் கொன்றது அவன் கைதான்.

அப்புறம், நடிகர் ஹியூ குவார்ஷியின் வாதத்தையும் சேருங்கள். கறுப்பின நடிகர் நடிக்கவே கூடாத பாத்திரம் ஒத்தெல்லோ, நடித்தால் கறுப்பர்கள் உணர்ச்சிவசப்படுபவர்கள் என்ற பழைய எண்ணம்தான் உறுதிப்படும் என்றவர் அவர். பிறகு 2015இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் அவரே ஒத்தெல்லோவாக நடித்தார். அதில் இயாகோவாக நடித்த லூசியன் எம்சமாட்டியும் கறுப்பினத்தவர்.

முடிவுக்கு நான்காம் அங்கம் போதும். மனைவியை அறைந்துவிட்டு ஒத்தெல்லோ வெளியேறியதும், வெனிஸிலிருந்து வந்த லோடோவிக்கோ, நம் செனட் முழுதும் போற்றிய அந்த மேன்மையான மூர் (ஒத்தெல்லோ போன்ற ஆப்பிரிக்கரைக் குறித்த அக்காலச் சொல்) இவன்தானா என்று கேட்கிறான். டியூக் கொடுத்த மேன்மையை வெனிஸ் திரும்ப வாங்கத் தொடங்குவது அங்கேதான்.