அலாரம் சும்மா கத்துகிறதா? வைஃபையைக் குற்றம் சொல்ல முன்...

கேள்வி: ஒட்டுசுட்டானில் எங்கள் வளவில் வீடும் தகரக் களஞ்சியமும் இருக்கின்றன. கேற், நெல் அடுக்கிய களஞ்சியம், கிணற்றடி மோட்டர்க் கொட்டில் எல்லாவற்றிலும் வயர்லெஸ் சென்சர் பூட்டி, அலாரப் பெட்டியை வீட்டுக்குள் வைத்திருக்கிறோம். கமராவுக்காக ரவுட்டர் போட்டதிலிருந்து இரவில் சும்மா கத்துகிறது. கதவைத் திறந்தால் சில நேரம் கத்துவதே இல்லை. பின்பக்கம் யானைக்குப் போட்ட மின்வேலியும் ஓடுகிறது. எது குழப்புகிறது?

பதில்: உங்களிடம் இருப்பது ஒரு கோளாறல்ல, இரண்டு. அலை இடைஞ்சல் வந்தால் பெரும்பாலும் அலாரம் ஊமையாகும், தானாகக் கத்தாது. சென்சர் அனுப்பும் குறியீடு முழுதாக வந்து சேர்ந்தால்தான் பெட்டி அதை ஏற்கும். இரைச்சல் அதைச் சிதைக்கலாம். ஆனால் சரியான குறியீடு ஒன்றைத் தற்செயலாக உண்டாக்குவது மிக அரிது.

ஆகவே சும்மா கத்துவதற்கு முதலில் சென்சரையே சந்தேகியுங்கள். இரவுக்கு ஒரு சென்சராகப் பற்றரியைக் கழற்றி வையுங்கள். எதைக் கழற்றிய இரவில் அமைதியோ, அதுதான் ஆள். என் ஊகம் களஞ்சியத்தில் இருப்பது. நடமாட்டம் பார்க்கும் சென்சர் உண்மையில் பார்ப்பது வெப்பம் அசைவதைத்தான். நெல் இருக்கிற இடத்தில் எலி இல்லாமல் இருக்குமா? சென்சரின் கண்ணாடி மேல் பல்லி ஊர்ந்தாலும் அதற்கு ஆள் போலத்தான் தெரியும். மூட்டைகளுக்கு மேலே எலி ஓடும் வழியைப் பார்க்காதபடி திருப்பிப் பூட்டுங்கள்.

எல்லாப் பற்றரியும் கழற்றிய பிறகும் கத்துகிறதா? அப்போ வெளியிலிருந்து யாரோவுடைய ரிமோட் உங்கள் பெட்டியைத் தட்டுகிறது என்று பாருங்கள். பழைய மாதிரிகளில் குறியீட்டை எட்டு ஊசிகளில் கையால் அமைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை, மொத்தம் 6561 சேர்க்கை. பூட்டுகிறவர் எதையும் மாற்றாமல் விட்டால் பக்கத்து வளவுக்கும் உங்களுக்கும் ஒரே குறியீடாகிவிடும். சென்சரிலும் பெட்டியிலும் சேர்த்து மாற்றுங்கள்.

இனி ஊமைத்தனம். சென்சரின் பின்புற ஸ்டிக்கரில் 433 (அது ஓடும் அலைவரிசை, மெகாஹேர்ட்ஸில்) என்று இருந்தால், 2400 மெகாஹேர்ட்ஸுக்கு மேலே ஓடும் வைஃபையோடு அது நேரே மோதாது. ஆனாலும் ரவுட்டர் வந்த பிறகு கெட்டது என்பதை நான் நம்புகிறேன். அநேகமாகக் குற்றவாளி அதன் மலிவு அடப்டர். அந்த வகை அடப்டர், கமராப் பெட்டி, சில எல்இடி பல்புகள் எல்லாம் 433 பக்கமும் இரைச்சல் கக்கும். பிளக் இருக்கிற ஒரே தட்டில் எல்லாவற்றையும் அடுக்குவதுதான் நம் வழக்கம். அலாரப் பெட்டியை மட்டும் இரண்டு மீற்றராவது தள்ளி, உயரத்தில் வையுங்கள். வயர் அன்ரனா என்றால் சுமார் 17 சென்ரிமீற்றர் நீளம், நிமிர்ந்து நிற்க வேண்டும். அழகுக்காகச் சுருட்டக் கூடாது.

களஞ்சியத் தகரம் அலையை மறிக்கும். உள்ளே இருக்கும் சென்சரைத் தகரத்தில் ஒட்டாமல் ஒரு பலகைத் துண்டின் மேல், வீட்டைப் பார்க்கும் யன்னல் பக்கம் பூட்டிப் பாருங்கள்.

மின்வேலி ஏறக்குறைய நொடிக்கு ஒரு துடிப்பு அனுப்பும். அது சரியாக இருந்தால் பெரிய தொல்லை தராது. மாரி மழைக்குப் புல் வளர்ந்து கம்பியைத் தொடும்போதும், இன்சுலேற்றர் வெடிக்கும்போதும் தீப்பொறி பறக்கும். அதுதான் இடைஞ்சல். சின்ன ரேடியோவை மத்திய அலையில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்து வேலியோரம் நடந்தால் 'டிக் டிக்' கூடும் இடத்தில் கோளாறு இருக்கும். வேலியின் நிலக்கம்பி வீட்டின் நிலக்கம்பியிலிருந்து 10 மீற்றராவது தள்ளி இருக்கட்டும். வீட்டுக் கரண்டை நேரே வேலிக்குக் கொடுத்தவர்கள் இருந்தால் அலாரத்தை மறந்து முதலில் அதைக் கழற்றச் சொல்லுங்கள். அது யானையையும் கொல்லும், ஆளையும் கொல்லும்.

உங்கள் சென்சர் சிக்பீ (Zigbee, குறைந்த மின்சாரத்தில் சிறு கருவிகளை இணைக்கும் வயர்லெஸ் முறை) வகை என்றால் கதை வேறு. அது வைஃபையோடு அதே 2.4 கிகாஹேர்ட்ஸில் ஓடும். ரவுட்டரை 'ஓட்டோ'வில் விடாமல் சனல் 1இல் நிறுத்தி, சனல் அகலத்தை 20 மெகாஹேர்ட்ஸாக்குங்கள். சிக்பீக்கு அதன் சனல் 20 அல்லது 25 கொடுங்கள். சென்சர்களைச் சேர்க்க முன்னரே இதைச் செய்தால் நல்லது. பிறகு மாற்றினால் சிலவற்றைத் திரும்பச் சேர்க்க வேண்டி வரும்.

புதிதாக வாங்குவதானால், அனுப்பியது கிடைத்ததா என்று பெட்டியிடம் கேட்டுக்கொள்ளும் இருவழி மாதிரியாகப் பாருங்கள். சாதாரண 433 சென்சர் குறியீட்டை அனுப்பிவிட்டு, கிடைத்ததா என்று பாராமல் படுத்துவிடும். அமெரிக்காவுக்கான 915 மெகாஹேர்ட்ஸ் பொருளை வெளிநாட்டு உறவினர் அனுப்பினாலும் பூட்ட வேண்டாம். கைபேசி கோபுரத்துக்குப் பேசும் 890 முதல் 915 வரையான அலைவரிசையோடு அது முட்டும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி உண்டா என்றும் கடையில் கேளுங்கள்.

மோட்டர்க் கொட்டிலுக்கு வயர்லெஸ் வேண்டாம் என்பேன். மோட்டருக்கு எப்படியும் நிலத்தடியில் வயர் போகிறதே, அந்த வழியிலேயே சென்சருக்குத் தனிக் குழாயில் இன்னொரு சிறு வயரை, கரண்ட் வயரிலிருந்து சற்று விலக்கிப் புதைத்துவிடுங்கள்.