ஒரகடம் கம்பெனிக்கு ஸ்டாஃப் பஸ் ரூட் எப்படிப் போடுவது?

முதலில் மேப்பை மூடி வையுங்கள். ஊழியர்களின் முகவரியைப் பின்கோடு வாரியாகப் பிரித்தாலே தாம்பரம், படப்பை, காஞ்சிபுரம், வாலாஜாபாத் என்று கூட்டம் தானாகப் பிரிந்துவிடும். பிறகு நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். 6 மணி ஷிப்ட் என்றால் 5:40-க்கு பஸ் கேட்டுக்குள் இருக்க வேண்டும். பஞ்ச் வைத்து, சேப்டி ஷூ மாட்டி லைனுக்குப் போக அந்த 20 நிமிடம் சரியாக இருக்கும்.

நிறையப் பேர் சறுக்குவது ஸ்டாப்பில்தான். "எங்க தெருமுனைக்கு வந்தா போதும் சார்" என்று ஒருவர் கேட்பார். உள்ளே போய்த் திரும்ப 8 நிமிடம். பஸ்ஸில் 40 பேர் இருந்தால் மொத்தம் 320 நிமிடத் தூக்கம் போச்சு. நானும் ஒருமுறை தலையாட்டிவிட்டு, மறுவாரமே நாலு தெருமுனைக்குப் பதில் சொன்னேன்! மெயின் ரோட்டிலேயே ஏற்றுங்கள். ஆனால் இருட்டில் யாரும் மீடியனைத் தாண்டி ஓடி வரும்படி ஸ்டாப் வைக்காதீர்கள்.

செலவு குறைவது சுழற்சியில். காலை ஷிப்டை இறக்கிய பஸ்ஸே நைட் ஷிப்டை ஏற்றிக்கொண்டு 6:15-க்குக் கிளம்பி, தாம்பரத்தில் இறக்கிவிட்டு, ஜெனரல் ஷிப்டோடு 8:30-க்குள் திரும்பலாம். ஆனால் விடியற்காலையில் முக்கால் மணியில் வந்த அதே ரோடு, 8 மணிக்கு வண்டலூர் பக்கம் வேறு முகம் காட்டும். ஒரு வாரம் நீங்களே ஏறிப் போய் ஸ்டாப் ஸ்டாப்பாக நேரம் குறியுங்கள்.

இரவில் பெண்களுக்கு மட்டும் தெருமுனைக் கணக்கு செல்லாது, வீட்டு வாசல்தான். கடைசியாக இறங்குபவர் பெண்ணாக இருந்தால் பாதுகாவலர் கூட இருக்க வேண்டும்.